மேசன் வந்தால் வயரிங்காரர் இல்லை, வயரிங்காரர் வந்தால் மேசன் இல்லை: ஒருவரே இரண்டு வேலை பழகினால் என்ன?

பரந்தன்சந்தி
திங்கள், இரவு 8:52

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் சிறிய அளவில் வீட்டுக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறேன். வருடத்துக்கு மூன்று வீடு, மிஞ்சினால் நான்கு. போன கிழமை ஒரு வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, கணக்குக் கொப்பியை வைத்துக்கொண்டு சும்மா நாட்களை எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து சாவி கொடுத்த நாள் வரை 131 நாட்கள். வளவுக்குள் யாராவது வேலை செய்த நாட்கள் 83. மீதி 48. ஞாயிறு, வற்றாப்பளைப் பொங்கல், ஒரு செத்தவீடு என்று 20 போகட்டும். மழைக்கு 4. மிச்சம் 24 நாட்கள் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. சீமெந்து இருந்தது, காசு இருந்தது, அதிசயமாக மணல்கூட இருந்தது. அன்றைக்கு வரவேண்டிய ஆள் மட்டும் இல்லை.

கம்பி கட்டுபவருக்காக 3 நாள். வயரிங்காரருக்காக 5 நாள். அவர் வந்து, பூசிய சுவரை வெட்டிக் குழாய் வைத்துவிட்டுப் போக, அதை மூடிப் பூச மேசன் திரும்பி வரும் வரை 4 நாள். பிளம்பருக்கு 4. ரைல்ஸ் பதிப்பவருக்கு 8. அவர் வவுனியாவில் ஒரு கலியாண மண்டப வேலையில் நின்றார்.

வேலையாட்கள் மெதுவாகச் செய்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் புறுபுறுக்கிறோம். மெதுவாகச் செய்பவர் பரவாயில்லை, அவர் செய்துகொண்டாவது இருக்கிறார். என் காலம் போனது ஒருவர் கரண்டியைக் கழுவி வைத்த பிறகு மற்றவர் சுத்தியலை எடுக்கும் வரைக்கும் உள்ள இடைவெளியில்.

கேள்வி இதுதான். மேசன் ஒருவர் கம்பியும் கட்டப் பழகி, வயரிங் குழாயும் வைக்கப் பழகினால்? ரைல்ஸ்காரர் பூச்சும் செய்தால்? இங்கே யாராவது அப்படி ஒரு செற் ஆட்களை வைத்து வேலை செய்கிறீர்களா? சம்பளம் எப்படிக் கொடுக்கிறீர்கள்?


நெடுங்கேணிக்கரண்டி
திங்கள், இரவு 9:30

தம்பி, நான் 27 வருடம் மேசன் வேலை செய்பவன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். தூக்குக்குண்டு பிடித்து ஒரு மூலையை மட்டமாக எழுப்ப எனக்கு மூன்று வருடம் எடுத்தது. அதற்குள் இன்னும் இரண்டு தொழிலைத் திணித்தால் மூன்றுமே அரைகுறையாகத்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "எல்லா வேலையும் செய்யுங்கள்" என்று கொந்தராத்துக்காரர் கேட்கும்போது அதற்குள் "ஒரு சம்பளத்துக்கு" என்ற சொல் ஒளிந்திருக்கும். கண்டிருக்கிறேன்.

அதுசரி, கொங்கிறீட் ஊறிய நாட்களை நீங்கள் எந்தக் கணக்கில் போட்டீர்கள்?


பரந்தன்சந்தி
திங்கள், இரவு 9:41

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அண்ணை. சுவரைச் சுற்றிக் கொங்கிறீட் பெல்ட் போட்ட பிறகு, அது இறுக, சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஒருவர் காலையும் மாலையும் வந்து போனார். அதை வேலை நாள் என்றே எழுதியிருக்கிறேன். அப்படிப் பார்த்தால் அந்த 83க்குள்ளும் கொஞ்சம் பொய் இருக்கிறது.


தோஹாதிரும்பி
திங்கள், இரவு 10:15

கட்டாரில் ஆறு வருடம் நின்றேன். அங்கே கம்பி கட்டுபவர் கம்பி மட்டும்தான், பலகை அடிப்பவர் பலகை மட்டும்தான். ஆணி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றாலும் நான் தட்டக் கூடாது, அந்த ஆளைக் கூப்பிட வேண்டும். தொடக்கத்தில் சிரிப்பாக இருந்தது. பிறகு விளங்கியது: ஒரே வேலைத்தலத்தில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிறார்கள், ஒருவருடைய வேலை முடிய அடுத்த மாடியில் அதே வேலை காத்திருக்கிறது. அங்கே ஒருவருக்கு ஒரு தொழில் என்பது ஓடும்.

இங்கே ஒரு வீட்டில் கம்பி வேலை மொத்தமாக எத்தனை நாள்? நான்கு, ஐந்து. அந்த நான்கு நாளும் ஒன்றாக வருவதும் இல்லை. அத்திவாரத்துக்கு ஒரு நாள், தூணுக்கு ஒரு நாள், கதவு யன்னலுக்கு மேலே வரும் லின்டலுக்கு ஒரு நாள். ஒரு நாள் வேலைக்கு மாங்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் யார் வருவார்? வேறு இரண்டு வீட்டு வேலையைச் சேர்த்துக்கொண்டுதான் வருவார். உங்கள் 3 நாள் அப்படித்தான் போயிருக்கும்.


ஓட்டுக்கூரை
செவ்வாய், காலை 6:20

இதை வாசிக்க 2013 ஞாபகம் வருகிறது. ஒட்டுசுட்டானில் எங்களுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. ஐந்தரை இலட்சம், கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் வரும். அத்திவாரம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்க வேண்டும்.

திட்டம் நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கிராமத்துக்கே ஒரே கிழமையில் முதல் காசு வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மேசனைத் தேடினோம். மேசன்மாரின் வாசலில் விடிய ஐந்து மணிக்கு ஆட்கள் நின்றார்கள், கலியாணத்துக்குக் கேட்டுப் போவதுபோல வெற்றிலைத் தட்டு இல்லாத குறைதான். கூலி ஏறியது. மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் மேசன்மார் வந்து பாடசாலைக் கட்டடத்தில் படுத்து வேலை செய்தார்கள். மூன்று மாதம் கழித்து எல்லா வீடும் கூரை மட்டத்துக்கு வந்தது. அப்போது மேசன்மார் சும்மா இருந்தார்கள், கூரை மரவேலை செய்யும் ஓடாவிமாருக்கு வரிசை. தீராந்தி ஏற்ற ஆள் இல்லாமல் எங்கள் சுவர் ஒரு மாரி முழுக்க நனைந்தது.

அந்த மேசன்மாரில் பாதிப் பேருக்குச் ஓடு தாங்கும் சிலாகை அடிக்கத் தெரிந்திருந்தால் அந்த மாரியை நாங்கள் தறப்பாளுக்குக் கீழே கழித்திருக்க மாட்டோம்.


பரந்தன்சந்தி
செவ்வாய், காலை 7:02

இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்கு ஒரு வீட்டில் நடப்பது உங்களுக்கு ஊர் முழுக்க நடந்திருக்கிறது.


அறிவியல்நகர்_பின்வாங்கு
செவ்வாய், பகல் 12:40

பொறியியல் படிக்கும் பெடியன். வாசித்ததைச் சொல்கிறேன், பெரியவர்கள் திருத்துங்கள்.

இதற்குப் பல்திறன் தொழிலாளர் என்று பெயர் வைத்து வெளிநாடுகளில் கன காலமாக ஆராய்கிறார்கள். 1998இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பல்திறன் ஆட்களை வைத்தால் தொழிலாளர் செலவில் 5 முதல் 20 சதவீதம் வரை மிச்சம் வரும், தேவையான ஆட்தொகை 35 சதவீதம் குறையும், ஒருவர் அதே வேலைத்தலத்தில் தொடர்ந்து வேலை பெறும் காலம் 47 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. கடைசி எண்ணைக் கவனியுங்கள், அது முதலாளிக்கு வரும் இலாபம் அல்ல, தொழிலாளிக்கு.

2017இல் மக்கின்சி நிறுவனத்தின் அறிக்கை ஒன்றும் வந்தது. இருபது வருடத்தில் உலகக் கட்டுமானத் துறையின் உழைப்புத் திறன் வருடத்துக்கு 1 சதவீதம்தான் வளர்ந்ததாம். உற்பத்தித் துறையில் அது 3.6 சதவீதம். ஆகவே பரந்தனில் மட்டும் இந்தக் கதை இல்லை.


நெடுங்கேணிக்கரண்டி
செவ்வாய், மாலை 6:11

தம்பி நன்றாகப் படி. ஆனால் டெக்சாஸில் பெரிய திட்டத்தில் எடுத்த கணக்கை நெடுங்கேணியில் நாலு பேர் கட்டும் வீட்டுக்குப் போடாதே. 35 சதவீதம் ஆள் குறையும் என்கிறாயே, நாலு பேரில் 35 சதவீதம் என்றால் ஒருவரும் இன்னொருவரின் காலும். அந்த ஒருவர் நானாக இருந்தால்?


அறிவியல்நகர்_பின்வாங்கு
செவ்வாய், மாலை 6:30

ஒருவரும் இன்னொருவரின் காலும்! அண்ணை, இதை எங்கள் விரிவுரையில் சொல்லலாமா?


சோளகம்
செவ்வாய், இரவு 9:05

வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத வேண்டாம் என்றிருந்தேன். முள்ளியவளையிலிருந்து.

2013இல் சாந்து சுமக்கப் போனேன். வீட்டில் உழைக்க வேறு ஆள் இல்லை. முதல் வருடம் மணல் அரித்தல், தண்ணீர் அள்ளுதல், கலவை போடுதல். சீமெந்துக் கல் அரியும் (அச்சில் வார்க்கும்) இடத்திலும் நின்றேன். இரண்டாம் வருடம் மேசன் தேத்தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தில் பின்பக்கச் சுவரில் இரண்டு வரி கல் வைப்பேன். அவர் திரும்பி வந்து மட்டம் பிடித்துப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரி என்று அர்த்தம். இப்போது பூச்சு வரும், ரைல்ஸ் பதிப்பேன், இடுக்கு நிரப்புவேன், பெயின்ற் அடிப்பேன், பிளம்பருடன் நின்று குழாய் ஒட்டவும் பழகிவிட்டேன்.

சம்பளம்? போன வேலையில் எனக்கு 2,000, பக்கத்தில் அதே பூச்சைப் பூசிய மேசனுக்கு 4,000. கேட்டேன். "நீ கையாளாகத்தானே வந்தாய்" என்றார்கள். எந்தக் கதவால் வந்தேனோ அந்தக் கதவிலேயே என் விலை எழுதி ஒட்டியிருக்கிறது.

பரந்தன் அண்ணை, இரண்டு வேலை தெரிந்த ஆளைத் தேடுகிறீர்கள். அந்த ஆள் உங்கள் வளவிலேயே மணல் அரித்துக்கொண்டு நிற்கலாம். ஒருநாள் கேட்டுப் பார்த்தீர்களா?


ஓட்டுக்கூரை
செவ்வாய், இரவு 9:20

அக்கா எழுதியது நெஞ்சில் இடித்தது.

ஒரு பக்கக் கதை: எங்கள் அப்பா காலத்தில் மேசனின் கையாளை "முட்டாள்" என்றுதான் சொல்வார்கள். திட்டுவது இல்லை, முட்டுக்கொடுக்கிற ஆள், முட்டு ஆள் என்று அப்பா விளக்கம் சொல்வார். கடைசியில் அந்தச் சொல்லுக்கு எந்தக் கருத்து மிஞ்சியது என்று பாருங்கள்.


பரந்தன்சந்தி
செவ்வாய், இரவு 10:02

சோளகம் அக்கா, கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், என் கடைசி மூன்று வீட்டிலும் நின்ற ஒரு கையாள்பெடியனுக்கு வேறு என்ன தெரியும் என்றே எனக்குத் தெரியாது. நாளைக்குக் கேட்கிறேன்.


பிரேக்கர்விழுந்தது
புதன், காலை 5:48

வயரிங்காரன் பேசுகிறேன். என்னை ஐந்து நாள் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள் (நானாக இருக்காது என்று நினைக்கிறேன்).

முதலாவது, பூசுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டிருந்தால் சுவர் வெட்டத் தேவையில்லை, மேசன் திரும்பி வரவும் தேவையில்லை. அந்த 9 நாளும் உங்கள் திட்டத்தில் விட்ட பிழை. அதைப் பல்திறன் கணக்கில் எழுத வேண்டாம்.

இரண்டாவது, மேசன் வயரிங் செய்யலாம் என்று யாரும் இங்கே எழுதாதீர்கள், கை நடுங்குகிறது. கல் கோணலாக வைத்தால் கோணலாகத் தெரியும். வயர் பிழையாகக் கொடுத்தாலும் பல்ப் எல்லாம் எரியும், விசிறி எல்லாம் சுற்றும், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் ஈரக் கையால் தண்ணீர் மோட்டாரைத் தொடும்போதுதான் தெரியும். ஒரு வீட்டுக்குப் பழுது பார்க்கப் போனேன். எர்த் வயரைப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தது, எங்கேயும் கொடுக்கவில்லை. மின் கசிந்தால் தானாக விழும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே கொடுத்தும் இருந்தது. செய்தவர் யார் என்று கேட்டேன். "எல்லா வேலையும் தெரிந்த ஒரு தம்பி."


தோஹாதிரும்பி
புதன், காலை 6:30

பிரேக்கர் அண்ணை சொன்னதில் பாதிக்கு நான் கை தூக்குகிறேன். ஆனால் வயரிங் என்பது ஒரே வேலை இல்லையே. சுவரில் காடி வெட்டுவது, குழாய் பதிப்பது, பெட்டியை மட்டமாக வைத்துச் சாந்து அடைப்பது, இதெல்லாம் மேசன் வேலையின் பிள்ளைகள். வயர் இழுத்து, இணைத்து, சோதிப்பது உங்கள் வேலை. நீங்கள் அரை நாள் வந்து சுவரில் சோக்கால் கோடு போட்டுவிட்டுப் போனால் மிச்சத்தை மேசன் செய்யலாமா, கூடாதா?


பிரேக்கர்விழுந்தது
புதன், இரவு 7:44

செய்யலாம். இரண்டு நிபந்தனை. வளைவில் குழாயை நெருப்புக் காட்டி நசுக்கக் கூடாது, வளைவுத் துண்டு போட வேண்டும். இல்லாவிட்டால் வயர் இழுக்க நான் படும் பாட்டை வந்து பாருங்கள். மற்றது, பூசுவதற்கு முன் நான் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தால் ஒரு வீட்டில் எனக்கு மூன்று நாள் வேலை மிச்சம். காடி வெட்டித் தூசி தின்ன எனக்கும் ஆசை இல்லை.


ஸ்காபரோ_சுத்தியல்
புதன், இரவு 11:58 (இங்கே இன்னும் மத்தியானம்)

கனடாவிலிருந்து. இங்கே ஒன்ராறியோவில் இந்தக் கோட்டைச் சட்டத்திலேயே போட்டிருக்கிறார்கள். மின்சார வேலையும் பிளம்பிங்கும் கட்டாய உரிமத் தொழில்கள், சான்றில்லாமல் தொட முடியாது. ஆனால் கல் கட்டுவதும் பொதுத் தச்சும் கட்டாயப் பட்டியலில் இல்லை. நான் வீடு திருத்தும் சிறிய கும்பனியில் நிற்கிறேன்: காலையில் பலகை வேலை, பின்னேரம் ரைல்ஸ், அடுத்த நாள் பெயின்ற். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. மின்சாரப் பனெல் பெட்டியைத் திறந்தால் மட்டும் முதலாளி ஓடி வருவார்.

தவறினால் ஆள் சாகும் வேலை எது, தவறினால் உடைத்துத் திரும்பச் செய்யும் வேலை எது என்று பிரித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


நெடுங்கேணிக்கரண்டி
வியாழன், காலை 5:30

அப்படியென்றால் கம்பியை எந்தப் பக்கம் போடுவீர்கள்? தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தின் கொக்கியை 135 பாகைக்கு உள்ளே மடக்காமல் சும்மா 90இல் விட்டுவிட்டுப் போவதைத் தினமும் காண்கிறேன். கொங்கிறீட் போட்ட பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? மின்சாரத்தைப் போல அதுவும் மறைந்து கிடந்து கொல்லும்.

ஒத்துக்கொள்கிறேன், எனக்குக் கம்பி கட்டத் தெரியும். பழகினேன், வேறு வழியில்லை. எங்கள் காலத்தில் எல்லோரும் எல்லாம் செய்தோம். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் கம்பு வெட்டியதும் நட்டதும் கிடுகு கட்டியதும் கிணறு வெட்டியதும் இதே கைதான். அப்போது யாரும் எனக்கு வேலைப் பெயர் வைக்கவில்லை. மேசன் என்ற பெயர் பிறகு வந்தது, அந்தப் பெயருக்குத்தான் 4,000 ரூபா. அதை விட்டுக்கொடுக்க எனக்குப் பயம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.


சோளகம்
வியாழன், காலை 6:10

அண்ணை, நீங்கள் பெயரை விட வேண்டாம். எனக்கும் ஒன்று தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.


இழை காவலர்
வியாழன், காலை 9:00

நடுவில் ஒருவர் தனிப்பட்ட முறையில் ஒரு கட்டடக் கும்பனியின் பெயரைப் போட்டு எழுதியதை நீக்கியிருக்கிறேன். வேலையைப் பற்றிப் பேசுங்கள். சாரம் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறலாமா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது.


தோஹாதிரும்பி
வியாழன், இரவு 8:20

பெயர் என்றவுடன்: என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்று) எடுக்கலாமே. படிப்பு இல்லாமல், ஏற்கனவே தெரிந்த வேலையைச் செய்து காட்டிச் சான்று பெறும் வழி இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். 4ஆம் மட்டம் வரை தொழிலாளர் சான்றிதழ்தான். வெளிநாடு போகிறவர்கள் இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சோளகம் அக்கா பூச்சுக்கும் ரைல்ஸுக்கும் செய்து காட்டினால் "கையாளாகத்தானே வந்தாய்" என்று சொல்லும் வாய்க்கு ஒரு கடதாசியாவது காட்டலாம்.

சிங்கப்பூரில் இன்னொரு கெட்டித்தனம். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்கு லெவி என்ற கட்டணம் கட்ட வேண்டும். உயர்திறன் ஆள் என்று சான்று இருந்தால் லெவி குறைவு. அதனால் பழக்கி எடுக்க முதலாளியே அலைகிறார். இங்கே ஓர் ஆளை இன்னொரு தொழில் பழக்கினால் முதலாளிக்கு என்ன கிடைக்கிறது? பழகியவர் அடுத்த மாதம் தோஹாவில். நான்தான் சாட்சி.


பரந்தன்சந்தி
வியாழன், இரவு 9:36

அதுதான் என் பயமும். 2022இல் 50 கிலோ சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியபோது எங்கள் பக்கம் கட்டட வேலை அப்படியே நின்றது. அப்போது விமானம் ஏறிய நல்ல கைகள் இன்னும் திரும்பவில்லை. மிஞ்சியவர்களும் பெரும்போகம் விதைக்கும்போது வயலுக்குப் போய்விடுவார்கள், மாசி பங்குனியில் அரிவு வெட்டுக்குத் திரும்பப் போவார்கள். ஆறு தொழிலுக்கு ஆறு தனி ஆட்கள் என்ற கணக்கு இந்த ஊரில் நடக்காது. ஆறு பேர் இல்லை.

சம்பளத்துக்கு ஒரு யோசனை. இதுவரை ஒவ்வொரு வேலையையும் சதுர அடிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக் கொடுத்தேன். பூச்சுக்காரர் தன் சதுர அடி முடிந்ததும் போய்விடுவார், காடி வெட்டிய இடம் அவருடைய சதுர அடியில் இல்லை. அடுத்த வீட்டில் கல், பூச்சு, கம்பி, குழாய் பதித்தல், ரைல்ஸ் எல்லாவற்றையும் ஒரே தொகையாக ஐந்து பேருக்குப் பேசப் போகிறேன். நாட்சம்பளம் ஒவ்வொரு கிழமையும், ஆனால் அது ஆள் வந்த பெயருக்கு இல்லை, அன்றைக்குச் செய்த வேலைக்கு. பூச்சுப் பூசிய நாளில் யார் பூசினாலும் பூச்சுச் சம்பளம். பேசிய நாளுக்கு முன் முடித்தால் மிச்சத்தில் பாதி அவர்களுக்கு.


நெடுங்கேணிக்கரண்டி
வியாழன், இரவு 9:50

"யார் பூசினாலும்" என்றால் காலையில் பூசி மாலையில் மணல் அரித்தால்?


பரந்தன்சந்தி
வியாழன், இரவு 9:58

அந்த நாளில் செய்ததில் கூடிய சம்பளம் எதுவோ அதுதான் முழு நாளுக்கும். இல்லாவிட்டால் மேசன் மணல்சட்டியைத் தொட மாட்டார்.


நெடுங்கேணிக்கரண்டி
வியாழன், இரவு 10:03

எழுதிக் கையொப்பம் போடுவீர்களா?


பரந்தன்சந்தி
வியாழன், இரவு 10:04

போடுவேன்.


பரந்தன்சந்தி
மூன்று மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5:15

இழையை மேலே தூக்குகிறேன். புதுக்குடியிருப்பில் வீடு, போன வீட்டைப் போலவே வரைபடம், குசினி மட்டும் கொஞ்சம் பெரிது. ஐந்து பேர்: ஒரு மேசன், அந்தக் கையாள்பெடியன், சோளகம் அக்கா, மல்லாவியிலிருந்து ஒருவர், பிறகு நான். (ஆம், நானும் இறங்கினேன். முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

நல்லது முதலில். வயரிங்காரர் அரை நாள் வந்து சோக்கால் கோடு போட்டார், நாங்கள் காடி வெட்டிக் குழாய் பதித்தோம், அவர் வந்து பார்த்து இரண்டு பெட்டியை மட்டும் கழற்றித் திரும்ப வைக்கச் சொன்னார். பூசிய சுவரில் ஒரு வெட்டும் இல்லை. கம்பிக்கு ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை. நெடுங்கேணி அண்ணை ஒரு ஞாயிறு வந்து பெடியனுக்குக் கொக்கி மடக்கக் காட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பெடியனுக்கு என்ன தெரியும் என்று கடைசியில் கேட்டேன் அல்லவா, ஓட்டுக் கூரைக்கு மரம் ஏற்றத் தெரியுமாம். தகப்பன் ஓடாவி. மூன்று வீட்டில் என்னோடு நின்றும் எனக்குத் தெரியாது.

இப்போது கெட்டது. அக்கா காய்ச்சலில் நின்ற இரண்டு நாளில் அவசரப்பட்டுக் குளியலறை நிலத்தை மல்லாவிக்காரரைக் கொண்டு பதித்தேன். அறை நிலம் அழகாகப் பதிப்பார், அந்த நம்பிக்கை. குளியலறைக்குச் சரிவு வேண்டும் அல்லவா, மீற்றருக்கு 10, 12 மில்லிமீற்றராவது. அவர் அறை நிலத்தைப் போலவே கண்ணாடி மட்டமாகப் பதித்துவிட்டார். தண்ணீர் ஊற்றினால் மூலையில் குளம், தவளை மட்டும்தான் இல்லை. முழுவதையும் உடைத்தோம். ரைல்ஸும் ஒட்டும் சீமெந்தும் என் காசு. பழகாத வேலையைச் செய்யச் சொன்னது நான்தான், அவர் தலையில் போட முடியாது.

இன்னும் முடியவில்லை. இதுவரை 88 நாள், ஆள் இல்லாமல் நின்றது 7 நாள், அதில் 5 பிளம்பருக்கு. மிச்சக் காசு பங்கு வருமா என்று குளியலறைக்குப் பிறகு சொல்ல முடியாது.


பிரேக்கர்விழுந்தது
ஞாயிறு, மாலை 6:02

மூன்று பெட்டி. இரண்டு இல்லை, மூன்று. அந்த வயரிங்காரர் நான்தான்.


நெடுங்கேணிக்கரண்டி
ஞாயிறு, இரவு 7:30

பெடியன் இப்போது கொக்கியை ஒழுங்காக மடக்குகிறானா?


சோளகம்
ஞாயிறு, இரவு 8:11

மடக்குகிறான் அண்ணை, எனக்கும் காட்டித் தந்தான்.

பரந்தன் அண்ணை, குளியலறைக்கு நாளைக்கு வர முடியாது, மகளின் பள்ளிக்கூடத்தில் கூட்டம். செவ்வாய் முதல் பஸ்ஸில் வருகிறேன். சரிவுக்கு நூல் பிடித்து நானே அடிச்சாந்து போடுகிறேன், யாரும் கை வைக்க வேண்டாம். ரைல்ஸ் வெட்டும் மெசினுக்குப் புது பிளேட் வாங்கி வையுங்கள், பழையது ஓரத்தை உடைக்கிறது.